ஒஸ்லோவில் வழி தவறாமல் சுற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோ பெரிய நகரம் அல்ல. தூரத்தால் வழி தவறுபவர்களைவிட, பெயர்ப்பலகையைச் சரியாகப் படித்துவிட்டு எதிர்த் திசை ரயிலில் ஏறுபவர்களே அதிகம். சுற்றுலாவுக்கு வருபவர்களுக்கும், அங்கே குடியிருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு வரும் நம்மவர்களுக்கும் பயன்படும் பதில்கள் இவை. இடப்பெயர்களை உள்ளூர் உச்சரிப்புக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறோம். வழி கேட்கும்போது அப்படிச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும்.

நகரத்தின் அமைப்பை எப்படி மனத்தில் வைத்துக்கொள்வது?

தெற்கே ஃபியோர்டு எனப்படும் கடல்நுழைவு. மற்ற மூன்று பக்கமும் காடு மூடிய மேட்டு நிலம். எங்கே நின்றாலும் தெரு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். நகர நடுவில் இறக்கம் பெரும்பாலும் கடலை நோக்கித்தான் போகும்.

அடுத்து ஒரே ஒரு தெருவைப் பழகிக்கொள்ளுங்கள். மத்திய ரயில் நிலையமான ஒஸ்லோ எஸ்-இன் வாசலில் தொடங்கி, நாடாளுமன்றத்தைக் கடந்து, அரண்மனையில் முடிவது கார்ல் யூஹான்ஸ் காத்தெ. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அரண்மனையைப் பார்த்து நடந்தால் இடக்கைப் பக்கம் கடல். நகர மண்டபம், நோபல் அமைதி மையம், புதிய தேசிய அருங்காட்சியகம், படகுத்துறை எல்லாம் அந்த இடப்பக்கத்தில்தான். மத்திய நிலையத்திலிருந்து அரண்மனை வரை நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடம்தான். இந்தத் தூரத்துக்கு ரயில் ஏறத் தேவையில்லை.

வடக்கிலிருந்து இறங்கி வரும் ஆகெர்செல்வா ஆறுதான் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கும் பழைய எல்லை. ‘அவர் கிழக்கில் இருக்கிறார்’ என்று ஒஸ்லோக்காரர் சொன்னால் பெரும்பாலும் இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று பொருள்.

கார்டெர்மூன் விமான நிலையத்திலிருந்து நகருக்கு எந்த ரயிலில் ஏறுவது?

விமான நிலையம் ஏறத்தாழ 50 கி.மீ. வடகிழக்கில் இருக்கிறது. ஒரே நிலையத்திலிருந்து இரண்டு வகை ரயில்கள் புறப்படும். ஒன்று ஃபிளீதோகெ என்னும் விமான நிலைய விரைவு ரயில். இடைநில்லா ரயில் ஒஸ்லோ எஸ்-க்கு 19 நிமிடத்தில் போகும். மற்றது வீ நிறுவனத்தின் சாதாரண வட்டார ரயில், அதற்குச் சுமார் 23 நிமிடம். நான்கு நிமிட வேறுபாட்டுக்கு ஏறத்தாழ இரட்டிப்புக் கட்டணம். அவசரம் இல்லையென்றால் வட்டார ரயிலே போதும்.

இங்கே தடுக்கி விழுபவர்கள் பலர். அறிவிப்புப் பலகையில் ரயில் போகுமிடமாகப் பெரும்பாலும் ஒஸ்லோ என்ற பெயர் இருக்காது, ரயில் முடியும் ஊரின் பெயர்தான் இருக்கும். நகருக்குப் போக டிராமென், ஷீயென், கொங்ஸ்பெர்க் என்று போட்ட ரயில்களைப் பாருங்கள். மூன்றும் ஒஸ்லோ எஸ் வழியாகத்தான் போகின்றன. லில்லெஹாமெர் அல்லது எய்ட்ஸ்வொல் என்று போட்டிருந்தால் அது எதிர்த் திசை. திரும்பிப் போகும் நாளில் இது அப்படியே தலைகீழாகும். விமான நிலையத்துக்குப் போக எய்ட்ஸ்வொல் அல்லது லில்லெஹாமெர் ரயிலில் ஏற வேண்டும்.

டிக்கெட் விஷயத்திலும் கவனம் வேண்டும். நகரப் போக்குவரத்து நிறுவனமான ரூத்தரின் டிக்கெட், வட்டார ரயிலில் அதன் மண்டலங்களுக்குள் செல்லும். ஃபிளீதோகெயில் செல்லாது. விமான நிலையம் 4 வடக்கு மண்டலத்திலும் ஒஸ்லோ நகரம் 1-ஆம் மண்டலத்திலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் ரூத்தர் டிக்கெட்டை வாங்கினால், ஒஸ்லோ எஸ்-இல் இறங்கிய பிறகு நேரம் மிச்சமிருக்கும்வரை அதே டிக்கெட்டில் சுரங்க ரயிலோ பேருந்தோ ஏறி வீடு போய்ச் சேரலாம்.

மலிவு விமான டிக்கெட்டில் ‘ஒஸ்லோ தோர்ப்’ என்று இருக்கிறதே?

அது ஒஸ்லோவில் இல்லை. ஏறத்தாழ 110 கி.மீ. தெற்கே சாண்டெஃபியோர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேருந்திலோ ரயிலிலோ இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். நள்ளிரவில் இறங்கும் விமானமென்றால், நகருக்கு வர அந்த நேரத்தில் வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நகருக்குள் டிக்கெட் எப்படி எடுப்பது? நிலையத்தில் தடுப்புக் கதவே இல்லையே, ஏறிவிடலாமா?

சுரங்க ரயில், டிராம், பேருந்து, தீவுப் படகு, நகருக்குள் ஓடும் வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே ரூத்தர் டிக்கெட்தான். தடுப்புக் கதவு கிடையாது. பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் ஏறுவார், டிக்கெட் இல்லையென்றால் அபராதம் ஆயிரம் குரோனரைத் தாண்டும். ‘நான் வெளியூர்’ என்ற விளக்கம் எடுபடாது.

கைப்பேசிச் செயலியில் எடுப்பதுதான் எளிது. ஏறுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஒற்றைப் பயண டிக்கெட் 1-ஆம் மண்டலத்துக்கு ஒரு மணி நேரம் செல்லும், அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம். ஒவ்வொரு கூடுதல் மண்டலத்துக்கும் அரை மணி கூடும். நார்வெசென், செவன்-இலெவன் போன்ற கடைகளில் அட்டையாகவும் கிடைக்கும். ஆனால் அட்டையை முதல் பயணத்தில் படிப்பான் கருவியில் வைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். பையில் அட்டை இருந்தும் தொடங்காமல் விட்டால் டிக்கெட் இல்லாததற்குச் சமம்.

6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். 67 வயதானவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அது வெளிநாட்டிலிருந்து வந்த அம்மா, அப்பாவுக்கும் பொருந்தும், பிறந்த தேதி போட்ட அடையாள அட்டையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஒஸ்லோ நகராட்சி முழுவதும் 1-ஆம் மண்டலம்தான். ஹொல்மென்கொல்லன் மலையும் அம்மெரூடும் அதற்குள் அடக்கம். மேற்கே கொல்சோஸ், கிழக்கே லோரென்ஸ்கூக் என்று நகர எல்லையைத் தாண்டினால் 2-ஆம் மண்டலம் சேர்த்து வாங்க வேண்டும். சுற்றுலாவுக்கான ஒஸ்லோ பாஸ் அட்டை 1, 2 மண்டலங்களில் மட்டும் செல்லும், விமான நிலையம்வரை செல்லாது.

சுரங்க ரயிலில் எந்தத் திசை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டி-பானெ எனப்படும் சுரங்க ரயிலில் ஐந்து தடங்கள் உண்டு. ஐந்தும் நகர நடுவே ஒரே சுரங்கத்தில் ஓடுகின்றன. மேற்கிலிருந்து கிழக்காக அந்த ஆறு நிலையங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மயூர்ஸ்துவன், நஷுனால்தியாத்ரெ, ஸ்தூர்திங்கெ, யார்ன்பானெதோர்கெ, குரோன்லான், தோய்யன். ஒஸ்லோ எஸ்-க்குக் கீழே இருப்பது யார்ன்பானெதோர்கெ. பெயர்தான் வேறு, இடம் ஒன்றே. இந்த ஆறுக்குள் போவதென்றால் தட எண்ணைப் பார்க்கவே வேண்டாம், திசை சரியாக இருந்தால் வருகிற எந்த ரயிலிலும் ஏறலாம். தடம் மாறுவதும் எளிது, இறங்கிய மேடையிலேயே அடுத்த ரயிலுக்கு நின்றால் போதும்.

குழப்பம் 4, 5 தடங்களில் வருகிறது. 2006-இல் நகருக்கு வடக்கே ஒரு வளையப் பாதை முழுமையானது, இந்த இரண்டு தடங்களும் அதில் ஓடுகின்றன. 5-ஆம் தட ரயில் சொங்ன்ஸ்வானிலிருந்து கிளம்பி நகர நடுவைக் கடந்து, வளையத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் அதே நகர நடுவைக் கடந்துதான் வெஸ்த்லிக்குப் போகிறது. ஆகவே ஒரே மேடையில், ஒரே திசையில், ‘5 வெஸ்த்லி’ என்றும் ‘5 ரிங்கென்’ (அதாவது வளையம்) என்றும் இரண்டு வரும். எண் ஒன்று, போகும் இடம் வேறு. கிழக்கே அம்மெரூட், குரூரூட், ஸ்தொவ்னெர் பக்கம் போகிறவர்கள் ரிங்கெனில் ஏறினால், கார்ல் பெர்னெர்ஸ் பிளாஸ் நிலையத்துக்குப் பிறகு ரயில் ஸின்ஸென், ஸ்தூரு என்று வேறு பக்கம் திரும்பிவிடும். ஏறியாகிவிட்டதென்றால் பதற்றப்படாமல் கார்ல் பெர்னெர்ஸ் பிளாஸில் இறங்கி, அடுத்த வெஸ்த்லி ரயிலைப் பிடியுங்கள்.

இன்னொன்று. யார்ன்பானெதோர்கெயில் கிழக்கு மேடையில் ‘5 வெஸ்த்லி’ வருவதுபோல, மேற்கு மேடையில் ‘4 வெஸ்த்லி’ வரும். இரண்டும் கடைசியில் வெஸ்த்லிக்குத்தான் போகின்றன. ஆனால் 4 மேற்கே மயூர்ஸ்துவன் போய், வளையம் சுற்றி, லோரென் வழியாக நீண்ட வழியில் போகும். நகர நடுவிலிருந்து கிழக்குப் பகுதிக்கு 5-தான் நேர்வழி. எண், முடியுமிடம், கிழக்கா மேற்கா என்ற மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.

‘புஸ் ஃபர் பானெ’ என்று அறிவிக்கிறார்களே, அது என்ன?

ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து என்று பொருள். தண்டவாளப் பழுதுபார்ப்பைக் கோடை விடுமுறையில், குறிப்பாக ஜூலையில், வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். சுற்றுலாக்காரர்கள் வருவதும் அதே மாதத்தில்தான். ஒரு தடத்தின் பாதி மூடியிருக்கலாம், விமான நிலைய ரயில் பாதையே சில நாள் மூடியிருக்கலாம். பயணத்துக்கு முந்தின இரவு செயலியில் ஒருமுறை பாருங்கள். விமானம் பிடிக்கும் நாளென்றால் கட்டாயம் பாருங்கள். மாற்றுப் பேருந்து நிலைய வாசலில் நிற்காமல் பக்கத்துத் தெருவில் நிற்பதுண்டு.

பலகையில் தெரிந்திருக்க வேண்டிய வேறு சில சொற்கள்: ‘இன்ஸ்தில்த்’ என்றால் வண்டி ரத்து, ‘ஸ்பூர்’ என்றால் ரயில் மேடை எண், ‘ஊத்கோங்’ வெளியேறும் வழி, ‘ஆவ்கோங்’ புறப்பாடு, ‘ஸ்தெங்த்’ மூடியிருக்கிறது.

தெருப் பெயர்களை எப்படிப் படிப்பது?

தெருப் பெயரின் கடைசியில் வரும் சொல்லை ஆங்கிலத்தில் வாசல் என்று பொருள்படும் சொல்லாகப் படித்துவிடுகிறார்கள். அது காத்தெ, தெரு என்று பொருள். வெய் என்றால் சாலை, பிளாஸ், தோர்க் இரண்டும் சதுக்கம், பிரிக்கெ படகுத்துறை, ஓய் தீவு.

நோர்வே மொழியில் மூன்று கூடுதல் எழுத்துகள் உண்டு: ஒட்டிக்கொண்ட ஏ-ஈ, சாய்கோடு போட்ட ஓ, தலையில் வளையம் வைத்த ஏ. இவை அகரவரிசையில் கடைசி எழுத்தான ஸெட்டுக்கும் பின்னால் வரும். பெயர்ப்பட்டியலில் ஒரு நிலையத்தைக் காணவில்லையென்றால் பட்டியலின் அடியில் தேடுங்கள்.

சொந்தக்காரர் முகவரி தந்திருக்கிறார். வீட்டுக் கதவு வரை எப்படிப் போவது?

முதலில் நான்கு இலக்க அஞ்சல் எண்ணைப் பாருங்கள். ஸ்தூர்காத்தா, அதாவது பெரிய தெரு, நோர்வேயின் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. தெருப் பெயரை மட்டும் வரைபடத்தில் போட்டால் வேறு ஊருக்கு வழி காட்டும். எண் 0-இல் தொடங்கினாலோ 10, 11, 12 என்று தொடங்கினாலோ ஒஸ்லோ. 13 என்றால் மேற்கே பாரும் அல்லது ஆஸ்கெர் நகராட்சி. 09 என்றால் நம்மவர்கள் பலர் வாழும் குரூரூட் பள்ளத்தாக்குப் பக்கம்.

வீட்டு எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். 12ஏ, 12பி என்பவை ஒரே கட்டடத்தின் வேறு வேறு நுழைவுகள், உள்ளே ஒன்றுக்கொன்று வழி இருக்காது. வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெரும்பாலும் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும், வீட்டு எண் இருக்காது. நம் ஆட்களில் அப்பா பெயர் எது, குடும்பப் பெயராகப் பதிந்தது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மணியில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘எச்0302’ என்பதுபோல ஓர் எண் தந்திருந்தால் அது வீட்டின் அதிகாரபூர்வ எண். எச் என்பது முதன்மைத் தளங்களைக் குறிக்கும், 03 மூன்றாம் தளம், 02 படியேறி வந்து இடப்பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது கதவு. ஆனால் அவர்கள் தரைத்தளத்தையே முதல் தளம் என்பார்கள். அங்கே மூன்றாம் தளம் என்றால் நம் கணக்கில் இரண்டாம் மாடி.

பழைய வழிகாட்டி நூலைப் பார்த்துப் போகலாமா?

2022-க்கு முந்தையதென்றால் வேண்டாம். ‘அலறல்’ ஓவியத்தை வரைந்த முங்கின் பெயரிலான முங்க் அருங்காட்சியகம் நீண்ட காலம் தோய்யனில் இருந்தது, 2021-இல் கடலோரப் பியோர்விகாவுக்குப் போய்விட்டது. தேசிய அருங்காட்சியகம் 2022 ஜூனில் நகர மண்டபத்துக்கு மேற்கே புதிய கட்டடத்தில் திறந்தது. ‘அலறல்’ ஓவியத்தின் 1893-ஆம் ஆண்டு வண்ண ஓவியம் இங்கேதான். முங்க் அருங்காட்சியகத்தில் இருப்பவை வேறு படிகள், அவற்றை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். பிக்டோய் தீபகற்பத்தின் வைகிங் கப்பல் அருங்காட்சியகம் விரிவாக்கத்துக்காக 2022-இல் மூடப்பட்டது, 2027-இல் திறப்பதாகத் திட்டம். நகர நூலகம் 2020-இல் ஒப்பேரா மாளிகைக்கு எதிரே வந்துவிட்டது. இதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மழை நாளில் பிள்ளைகளோடு உட்கார ஒஸ்லோவில் இதைவிட நல்ல இடம் இல்லை.

பிக்டோய்க்கும் தீவுகளுக்கும் ஒரே படகா?

இல்லை. நகர மண்டபத்துக்கு எதிரே அடுத்தடுத்த துறைகள் இருக்கின்றன. ரோட்ஹூஸ்பிரிக்கெ 3-இலிருந்து பிக்டோய் படகு போகும், குளிர்காலத்தில் ஓடாது. 4-இலிருந்து தீவுப் படகுகள். அவசரத்தில் எண்ணைக் கவனிக்காமல் தவறான வரிசையில் நிற்பவர்கள் நாள்தோறும் உண்டு.

பிக்டோய்க்கு ஆண்டு முழுவதும் 30-ஆம் எண் பேருந்து போகிறது. மரத்தேவாலயம் இருக்கும் நாட்டுப்புற அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் முன்னதாகவே இறங்க வேண்டும். துருவக் கப்பலான ஃபிராமும், கொன்-டிக்கி தெப்பமும் வைத்திருக்கும் இடங்களுக்குப் பிக்டோய்னெஸ் நிறுத்தம்வரை போங்கள்.

தீவுகளில் மிக அருகில் இருப்பது ஹூவெடோயா, படகில் பத்து நிமிடம்கூட ஆகாது. 1147-இல் தொடங்கிய மடாலயத்தின் இடிபாடுகளும் குளிக்கும் கரையும் அங்கே உண்டு. சாதாரண 1-ஆம் மண்டல டிக்கெட்டே போதும். கரையேறியவுடன் துறைப் பலகையில் கடைசிப் படகின் நேரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹொல்மென்கொல்லனுக்கும் சிற்பப் பூங்காவுக்கும்?

பனிச்சறுக்குக் கோபுரத்துக்கு 1-ஆம் தடம், ஹொல்மென்கொல்லன் நிலையம். அங்கிருந்து மேடேறிப் பத்துப் பதினைந்து நிமிட நடை. இந்தப் பாதையின் சில நிலையங்களில் மேடை குட்டை, எல்லாப் பெட்டிகளின் கதவும் திறக்காது. அறிவிப்பைக் கேட்டு முன்கூட்டியே நகர்ந்து நில்லுங்கள். கடைசி நிலையமான ஃபிரொங்னெர்சேத்தெரென் கடல்மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே மழை பெய்யும் நாளில் மேலே பனி கொட்டலாம்.

விகெலான் சிற்பப் பூங்காவுக்கு 12-ஆம் எண் டிராம், அல்லது மயூர்ஸ்துவனிலிருந்து பத்து நிமிட நடை. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை.

கோயிலுக்குப் போக வேண்டும்.

அம்மெரூடில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது. நகர நடுவிலிருந்து கிழக்கு நோக்கி ‘5 வெஸ்த்லி’ ஏறி அம்மெரூடில் இறங்குங்கள், ரிங்கெனில் ஏறாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோகக் காய்கறி, மசாலா வாங்குவதென்றால் வழியில் குரோன்லானில் இறங்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. 100 சதுர மீட்டருக்குள் அடங்கும் சிறு மளிகைக் கடைகள்தான் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

‘ஹால் தீ’ மணிக்கு வரச் சொன்னார். பத்தரைக்கா?

ஒன்பதரைக்கு. பத்தாம் மணியின் பாதி என்பது அவர்கள் கணக்கு. சந்தேகம் வந்தால் எண்ணில் எழுதித் தரச் சொல்லுங்கள், பலகைகளில் எப்போதும் 24 மணிக் கணக்குத்தான்.

நடக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

டிராமில். கார்கள் வரிக்கோட்டில் நின்று வழிவிடும். டிராம் அப்படி நிற்காது. சட்டப்படி நடப்பவர்தான் டிராமுக்கு வழிவிட வேண்டும். கார் நின்றதே என்ற நம்பிக்கையில் தண்டவாளத்தில் கால் வைத்துவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் பனி உருகி மறுபடி உறையும் நாள்கள்தான் ஆபத்தானவை. நடைபாதை கண்ணாடிபோல் ஆகிவிடும். காலணிக்கு அடியில் மாட்டும் ‘புரொடெர்’ என்னும் முள்பட்டையைக் கடைகளில் கேளுங்கள், வயதானவர்களுக்கு இது இல்லாமல் வெளியே போவது சரியல்ல. கட்டடத்தை ஒட்டிக் கோல் சாய்த்து வைத்திருந்தால் கூரையிலிருந்து பனி சரியும் என்ற எச்சரிக்கை, தள்ளி நடங்கள். டிசம்பரில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான், மூன்றே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மலை, தீவு போன்றவற்றைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்சி?

நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் வேறு. ஒரே தூரத்துக்கு ஒருவர் கேட்பது இன்னொருவர் கேட்பதைப்போல இரண்டு மடங்காக இருக்கலாம். வரிசையில் முதலில் நிற்கும் வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொத்தத் தொகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள்.

உடம்புக்கு முடியவில்லை, அல்லது கைப்பேசி அணைந்துவிட்டது. என்ன செய்வது?

உயிருக்கு ஆபத்தென்றால் 113. காவல் 112, தீயணைப்பு 110. அவ்வளவு அவசரம் இல்லாத, ஆனால் காத்திருக்க முடியாத நோய்க்கு 116117. நகரின் அவசர மருத்துவ மையம் 2023-இல் ஸ்தூர்காத்தாவிலிருந்து ஆகெர் மருத்துவமனை வளாகத்துக்கு மாறிவிட்டது. அது ஸின்ஸென் பக்கம், வடகிழக்கில். கடலோர உணவகங்கள் நிறைந்த ஆகெர் பிரிக்கெயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் நகரின் எதிரெதிர் மூலைகள். டாக்சி ஓட்டுநரிடம் ‘லேகெவக்த்’ என்று சொன்னால் போதும்.

கைப்பேசி குளிரில் சீக்கிரம் அணையும். 40 விழுக்காடு காட்டிய மின்கலம்கூட உறைபனியில் திடீரென்று நின்றுவிடுவதுண்டு. டிக்கெட்டும் அதற்குள்தான் இருக்கிறது. திரையில் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லை என்றுதான் பரிசோதகர் எடுத்துக்கொள்வார். கைப்பேசியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வயதானவர்கள் தனியாகப் போவதென்றால், கடையில் வாங்கிய பயண அட்டையும், தங்கியிருக்கும் வீட்டின் நிலையப் பெயர், தட எண், முழு முகவரி எழுதிய ஒரு தாளும் அவர்கள் பையில் இருக்கட்டும். பெயர்களை நோர்வே எழுத்திலேயே எழுதுங்கள், வழியில் காட்டிக் கேட்க அதுதான் உதவும்.